மேளம் அடித்தால் சாமி வருமா? சடங்கிசை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரக் கடைசியில் உடுக்கையும் பறையும் சொல்லிக்கொடுக்கும் ஒரு சின்ன வகுப்பில் நான் கையாள். பாடம் ஒரு மணி நேரம் என்றால், முடிந்தபின் டீக்கடையில் நின்று கேட்கப்படும் கேள்விகள் இன்னொரு மணி நேரம். புதிதாக யார் வந்தாலும் ஏறக்குறைய அதே கேள்விகள். வாய் வலிக்கிறது என்று எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

ஷாமன்னா யாரு? மந்திரவாதியா, பூசாரியா, வைத்தியரா?

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. சொல் சைபீரியாவில் இருந்து வந்தது. கலைமான் மேய்த்தும் வேட்டையாடியும் வாழ்ந்த எவங்கி மக்களின் மொழிச் சொல், 17-ஆம் நூற்றாண்டில் ரஷ்யர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 1692-ல் நிக்கோலாஸ் விட்சன் என்ற டச்சுக்காரர் வெளியிட்ட நூலில் ஒரு ஷாமனின் படம் இருக்கிறது. தலையில் கொம்பு, கையில் வட்ட மேளம், பாதம் இருக்க வேண்டிய இடத்தில் மிருக நகம். 'பேயின் பூசாரி' என்று கீழே எழுதிவிட்டார். வரைந்தவருக்கு ஆளைப் பிடிக்கவில்லை, ஆனால் மேளத்தை விட்டுவிடவும் முடியவில்லை.

வேலை என்னவென்றால், ஊரில் ஒருவருக்குத் தீராத நோய், வேட்டை அகப்படவில்லை, செத்தவர் வீட்டைச் சுற்றியே நிற்கிறார் என்று வரும்போது கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் பேசி வழி கேட்டு வருவது. பிறகு ஆய்வாளர்கள் கொரியா, நேபாளம், அமேசான் என்று எங்கெல்லாம் இப்படி ஒருவரைப் பார்த்தார்களோ அங்கெல்லாம் அந்தச் சொல்லையே ஒட்டிவிட்டார்கள். அந்தந்த ஊரில் அவரவர்க்குத் தனிப் பெயர் உண்டு. கொரியாவில் முதாங், நேபாளத்தில் ஜாங்க்ரி, சிலி நாட்டு மப்புச்சே மக்களிடம் மாச்சி.

அப்ப நம்ம சாமியாடியும் கோடாங்கியும் ஷாமன்தானே?

இதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: மேளம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். சைபீரிய ஷாமன் தன் மேளத்தைத் தானே அடிப்பார். ஆவிகள் இருக்கும் இடத்துக்கு அவர் போகிறார், போய் வந்து சேதி சொல்கிறார். நம் ஊர்க் கோயில் கொடை விழாவில் ஆடுபவர் கையில் மேளம் கிடையாது, வாசிப்பவர் வேறு ஆள். சாமியாடி எங்கும் போவதில்லை, சாமிதான் அவர் மேல் இறங்குகிறது. பிரெஞ்சு இசை ஆய்வாளர் ழில்பேர் ரூழே 1980-ல் வந்த தன் பெரிய நூலில் இந்தப் பிரிவைத்தான் அழுத்திச் சொன்னார்: ஒருவர் தன் இசைக்குத் தானே எசமான், மற்றவர் பிறர் இசைக்கு ஆடுபவர்.

கோடுகள் எங்கும் சுத்தமாக இருக்காது. கோடாங்கி தன் உடுக்கையைத் தானே அடித்துக்கொண்டு குறி சொல்கிறார், அதனால் என் கணக்கில் அவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். கொரிய முதாங்குக்குப் பிறர் வாசிக்கிறார்கள், சாமியும் இறங்குகிறது, ஆனாலும் உலகம் அவரை ஷாமன் என்றே அழைக்கிறது. பெயர்ச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை. மேளம் யார் கையில் என்ற கேள்வி மட்டும் கீழே பல இடத்தில் திரும்ப வரும், நினைவில் வையுங்கள்.

ஏன் எல்லா ஊர்லயும் மேளமாவே இருக்கு?

எல்லா ஊரிலும் இல்லை. மேளம் அதிகம் என்பது உண்மை. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்கள் முன்னோரை அழைக்க ம்பிரா வாசிக்கிறார்கள். மரப் பலகையில் வரிசையாகப் பதித்த இரும்புத் தகடுகளைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மீட்டுவது அது. கசாக்கிஸ்தானில் பக்சி என்று அழைக்கப்பட்ட ஷாமன்கள் குதிரை மயிரில் நரம்பு கட்டிய கொபிஸ் என்ற வில்வாத்தியத்தை இழைத்தார்கள். மொராக்கோவின் ஞாவா மக்களுக்கு மூன்று நரம்புள்ள கெம்ப்ரியும் இரும்புத் தாளமும். அமேசானில் காய்ந்த இலைக் கற்றையை உதறும் ஓசையும் மனிதக் குரலும் போதும். மெக்சிகோவின் ஹுவாட்லா ஊரில் இருந்த மரியா சபினா கைதட்டிப் பாடியே இரவு முழுவதையும் நடத்திய குணப்படுத்தும் பெண்மணி.

மேளம் ஏன் முந்துகிறது என்றால், தோலும் மரமும் எங்கும் கிடைக்கும், சத்தம் தூரம் போகும், அடிப்பவர் கூடவே பாடவும் முடியும். ஊதுகருவியை வாயில் வைத்துக்கொண்டு சாமியோடு பேச முடியாது அல்லவா?

சைபீரியாவுல மேளத்தக் குதிரைன்னு சொல்வாங்களாமே?

ஆமாம். சில இடத்தில் குதிரை, சில இடத்தில் கலைமான். அடிக்கிற கோல் சவுக்கு. ஷாமன் போகிறார் என்றேனே, நடந்து போக முடியாது, ஏறிப்போக வேண்டும். மேளம்தான் வாகனம். ஒரு பக்கம் மட்டும் தோல் போர்த்திய அகன்ற வட்டம், பின்பக்கம் பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கட்டை, அதில் தொங்கும் இரும்புத் துண்டுகள், ரோமத்தோல் சுற்றிய கோல். அடி மெதுவாக விழுந்தால் மேடு ஏறுகிறார், வேகமானால் ஓட்டம். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டே ஷாமன் இப்போது எங்கே போகிறார் என்று அறிந்துகொள்வார்கள்.

தெற்குச் சைபீரியாவின் அல்தாய் பகுதியில் புது மேளத்துக்கு உயிர் கொடுக்கும் சடங்கு ஒன்று உண்டு. எந்த விலங்கின் தோல் போர்த்தினார்களோ அந்த விலங்கு ஷாமனின் வாய் வழியாகத் தன் கதையைச் சொல்லும்: எங்கே பிறந்தது, எந்த மலையில் மேய்ந்தது, எப்படி வேட்டையாடப்பட்டது. இனி இவருக்கு வேலை செய்கிறேன் என்று அது ஒத்துக்கொண்ட பிறகுதான் மேளம் வாகனமாகும். ஷாமன் இறந்தால் மேளத்தைக் கிழித்து அடக்க இடத்துக்குப் பக்கத்து மரத்தில் தொங்கவிடும் வழக்கமும் சைபீரியாவில் பல இடங்களில் இருந்தது. எசமான் போனபின் அந்தக் குதிரையில் வேறொருவர் ஏறக்கூடாது.

வாசிக்கிறதுக்கு முன்னாடி நெருப்புல காட்டுறீங்களே, அது சடங்கா?

பறையைத் தீயில் காட்டுவது முதலில் தோலுக்காக. ஈரக்காற்று பட்ட தோல் தொய்ந்து 'பொத் பொத்' என்று கேட்கும். வைக்கோல் நெருப்பில் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிக் காட்டினால் ஈரம் போய் இறுகும். விரலால் சுண்டிப் பார்த்தால் 'டங்' என்று நிற்க வேண்டும். சைபீரிய ஷாமனும் தன் மேளத்தை இப்படித்தான் தீயில் காட்டுகிறார், அங்கே குளிரும் பனியும் தோலைப் படுத்தும் பாடு இன்னும் அதிகம்.

பிறகு அதுவே சடங்கும் ஆகிவிடுகிறது. நெருப்பு மூட்டினால் ஊர் கூடுகிறது, பிள்ளைகள் சுற்றி உட்காருகிறார்கள், எதுவோ தொடங்கப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. கருவிக்குத் தேவையான வேலை, ஆளுக்குத் தேவையான வேலை என்று இரண்டாகப் பிரிக்க நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

உடுக்கைச் சத்தம் கேட்டாலே சிலிர்க்குதே, அதுல அப்படி என்ன இருக்கு?

கையில் எடுத்துப் பாருங்கள், புரியும். ஒல்லியான இடை, இரு முகத்திலும் மெல்லிய தோல், இரண்டையும் இழுத்துக் கட்டிய கயிறு, அந்தக் கயிற்றுக்கு மேல் இடையில் சுற்றிய நாடா. இடக்கையால் இடையைப் பிடித்து வலக்கை விரலால் தட்ட வேண்டும். தட்டியவுடனே இடக்கையால் நாடாவை அழுத்தினால் கயிறு இறுகும், தோல் இழுபடும், சுருதி விர்ரென்று ஏறும். விட்டால் இறங்கும். ஒரே தட்டுக்குள் ஏற்றமும் இறக்கமும் வருவதால் கேள்வி கேட்பது போல, விம்முவது போல இருக்கும்.

உறுமியிலும் இதே சங்கதிதான். வளைந்த குச்சியைத் தோலில் வைத்துத் தேய்க்கும்போது எழும் உறுமல் எந்த மிருகத்தின் தொண்டையில் இருந்து வருகிறது என்று தெரியாது. ம்பிராவில் வேறு வழி: சுரைக்குடுக்கையின் விளிம்பில் முன்பு சிப்பிகளைக் கட்டினார்கள், இப்போது சோடா மூடிகள். ஒவ்வொரு சுரத்தோடும் அவை கரகரவென்று அதிரும். நம் காதுக்குச் சுத்தமான சுரம் கெட்டுவிட்டது போலத் தோன்றும். ஷோனா மக்களுக்கு அந்த இரைச்சல் இல்லாவிட்டால் வாத்தியம் ஊமை. சாமியை அழைக்கும் கருவிகள் பலவற்றில் இப்படிக் கொஞ்சம் குரல், கொஞ்சம் இரைச்சல் கலந்திருப்பதைக் கவனித்து வருகிறேன். வேறொருவர் பேசப்போகிறார் என்றால் வாத்தியமும் கொஞ்சம் பேச வேண்டும் போலிருக்கிறது.

பாட்டு முக்கியமா, தாளம் முக்கியமா?

ஊருக்கு ஊர் மாறும். நெல்லை, குமரிப் பக்கத்துக் கொடையில் வில்லுப்பாட்டுக் குழு சுடலைமாடன் கதையைப் பிறப்பில் இருந்து பாடிக்கொண்டு வரும். வில், குடம், உடுக்கு, தாளம் எல்லாம் கதைக்குத் துணைதான். ஆனால் கதை ஒரு முக்கியமான கட்டத்துக்கு வரும்போது புலவர் வேகம் கூட்டி, சொல்லைச் சுருக்கி, வில்லை அடிக்கும் வீசுகோலை ஓங்குவார். அந்தக் கட்டத்தில்தான் சாமியாடும் கோமரத்தாடி உதறி எழுவார். இங்கே தாளம் மட்டும் வந்து பயனில்லை. யாருடைய கதை, எந்த இடம் என்று ஆடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மதுரைப் பக்கத்து வர்ணிப்பிலும் இப்படித்தான், சாமியின் அங்க அடையாளங்களைச் சொல்லிச் சொல்லி அழைப்பார்கள்.

கொரியாவில் சியோல் பகுதியில் செத்தவருக்குச் செய்யும் சடங்கில் இளவரசி பாரியின் கதை பாடப்படும். பெண் குழந்தை என்று தூக்கி எறியப்பட்டவள், தன்னை எறிந்த பெற்றோருக்காகவே மறு உலகம் போய் மருந்துநீர் கொண்டுவருகிறாள். அந்த வழி தெரிந்தவள் என்பதால் செத்தவரையும் அவளே கூட்டிப்போகிறாள். இதற்கு நேர் எதிராக, பெருவின் ஷிப்பீபோ மக்களின் இக்காரோ பாடல்களில் சொற்கள் சில நேரம் கேட்பவருக்குப் புரியவே புரியாது. மருத்துவருக்கும் செடிக்கும் இடையிலான பேச்சு அது. நோயாளிக்குப் புரிய வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்ப்பதும் இல்லை.

குறிப்பிட்ட வேகத்துல அடிச்சா மூளை மாறிடும்னு படிச்சேன். உண்மையா?

இதைத்தான் பொறியியல் படித்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். கதை 1960-களில் தொடங்குகிறது. ஆண்ட்ரூ நெஹர் என்ற ஆய்வாளர் சிலரை உட்காரவைத்து மேளச் சத்தம் கேட்கவைத்து மூளை மின்னலைகளைப் பதிவு செய்தார். மேளத்தின் வேகத்துக்கு ஒத்த அலைகள் தெரிந்தன என்றும், சடங்குகளில் நடப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்றும் எழுதினார். அன்றுமுதல் 'நொடிக்கு இத்தனை அடி' என்பது ஒரு மந்திரமாகவே பரவிவிட்டது.

மேலே சொன்ன ரூழே இதை ஒரே போடாகப் போட்டார். நெஹர் சொல்வது சரியென்றால் ஆப்பிரிக்காவில் பாதிப் பேர் வருடம் முழுவதும் ஆவேசத்தில்தான் இருக்க வேண்டும் என்றார். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர் அவர். கேலிக்குப் பின்னால் நியாயம் இருக்கிறது. அதே அடியைக் கல்யாணத்தில் கேட்டால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. சாமி வரும் இசைகளை அடுக்கிப் பார்த்தால் வேகமும் உண்டு, மெதுவும் உண்டு. ம்பிரா இசை தாலாட்டு மாதிரி சுழலும்.

அதற்காக மூளையில் ஒன்றுமே நடப்பதில்லை என்று நான் சொல்லவில்லை. 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், ஷாமன் முறையில் பழக்கமுள்ள 15 பேரை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்துச் சீரான மேளத்தைக் கேட்கவைத்தார்கள். அவர்கள் உள்ளுக்குள் ஆழ்ந்தபோது மூளைப் பகுதிகளின் இணைப்புகள் மாறின, வெளிச்சத்தத்தை வாங்கும் பாதையின் இணைப்பு குறைந்தது. ஆனால் 15 பேரும் பழகியவர்கள் என்பதை விட்டுவிடாதீர்கள். மேளம் கதவைத் தட்டும். உள்ளே ஆள் இருந்து தாழ்ப்பாளைத் திறக்கப் பழகியிருக்க வேண்டும்.

அப்ப பக்கத்துல நிக்கிற எனக்கு ஏன் வரல?

முந்தைய பதிலின் கடைசி வரிதான். உங்கள் வீட்டில் அந்தச் சாமி இறங்கும் மரபு இல்லாமல் இருக்கலாம், அந்தக் கதையும் அந்த அடியும் உங்கள் உடம்புக்குப் பழகாமல் இருக்கலாம். சாமியாடும் குடும்பத்துப் பிள்ளை சின்ன வயதில் இருந்தே எந்த அடிக்கு மாமா எழுவார், எந்த அடிக்குக் கையை நீட்டுவார் என்று பார்த்து வளர்கிறது. அவர்களுக்குச் சத்தம் ஒரு பேச்சு, நமக்கு வெறும் சத்தம்.

வரவில்லையே என்று ஏங்குபவர்களும் வகுப்பில் உண்டு. நான் 20 வருடமாக மேளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறேன். எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. குறையாக நினைத்ததும் இல்லை, யாராவது ஒருவர் விழாமல் நிற்க வேண்டுமே.

வாசிக்கிறவங்களுக்கே ஏன் சாமி வர்றதில்ல?

நல்ல கேள்வி, நானே பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் வாசிக்க இன்னொருவர் ஆடும் சடங்குகளில் வாசிப்பவர் பெரும்பாலும் தெளிவாகவே இருப்பார், இருந்தாக வேண்டும். அவர் வேலை கவனிப்பது. ஷோனா மக்களின் பீரா என்ற ராத்திரிச் சடங்கில் ஒரு பாட்டுக்கு முன்னோர் வராவிட்டால், உயிரோடு இருந்தபோது அவருக்குப் பிடித்த வேறு பாட்டுக்கு மாறுவார்கள். கூட்டம் தளர்ந்தால் ஹோஷோ என்ற சுரைக் கிலுகிலுப்பையால் தூக்கி நிறுத்துவார்கள். விடிய விடிய இதே வேலை.

ஹெய்ட்டியின் வோடூ சடங்கில் மூன்று மேளங்கள் சேர்ந்து ஓடிக்கொண்டிருக்கும். பெரிய மேளமான மன்மான் திடீரென்று ஓட்டத்துக்குக் குறுக்கே வேறொரு அடியைப் போட்டு வெட்டும். அதற்கு 'காஸே' என்று பெயர், உடைப்பு என்று அர்த்தம். ஆடுகிறவரின் கால் தடுமாறும் அந்தக் கணத்தில்தான் சாமி ஏறும் என்பார்கள். எப்போது வெட்டுவது, யாரைப் பார்த்து வெட்டுவது என்பதெல்லாம் மேளக்காரரின் கண்ணில் இருக்கிறது. எங்கள் வாத்தியார் வாசிக்கும்போது கையைப் பார்க்கவே மாட்டார். ஆடுகிறவரின் பாதத்தை மட்டும் பார்ப்பார். குதிகால் தரையை விட்டு எழும்பினால் அடியை மாற்றுவார்.

சாமி வர இவங்க வேணும், ஆனா இவங்கள மட்டும் ஏன் தள்ளி வச்சாங்க?

பறையடித்தவர்கள் சாமியை அழைத்துவிட்டுக் கோயிலுக்கு வெளியே நின்ற கதை நமக்குத் தெரியும், பல ஊரில் இன்னும் தெரிகிறது. கொரியாவிலும் இதே கதைதான். ஜோசன் அரசர்கள் காலத்தில் முதாங்குகள் ஆகத் தாழ்ந்த படியில் வைக்கப்பட்டார்கள், தலைநகருக்குள் வரக்கூடாது என்று விரட்டப்பட்டார்கள். அதே நேரம் அரண்மனைப் பெண்களே நோய் நொடிக்கு அவர்களைக் கூப்பிட்டார்கள். தென்மேற்கில் ஜொல்லா பகுதியில் முதாங் தொழில் பரம்பரை, மனைவி சடங்கு நடத்தக் கணவர் வாசிப்பார். சினாவி என்ற அற்புதமான கூட்டிசை அந்தக் குடும்பங்களில்தான் வளர்ந்தது. இன்று கொரிய அரசு பெருமையாக மேடையேற்றும் பான்சோரி பாட்டுக்கலையிலும் அவர்கள் கை உண்டு. பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாடியவரை விட்டுவிடும் பழக்கம் எந்த நாட்டுக்கும் தனிச் சொத்து இல்லை.

பொம்பளைங்க மேளம் தொடக்கூடாதுன்னு வீட்ல சொல்றாங்க. எல்லா ஊர்லயும் அப்படித்தானா?

இல்லை. மப்புச்சே மாச்சிகளில் பெண்களே அதிகம். குல்ட்ரூன் என்ற கிண்ண மேளம் அவர்கள் கையில்தான் இருக்கும். அதன் தோலில் நான்கு திசைக்கும் கோடு போட்டு உலகத்தையே வரைந்திருப்பார்கள், தோலை மூடுமுன் உள்ளே பொருள்களும் போடுவார்கள். கொரியாவிலும் சடங்கை நடத்துபவர்கள் பெரும்பாலும் பெண்கள். எங்கள் வகுப்பில் இப்போது பாதிக்கு மேல் பெண்கள். வீட்டில் சொல்கிறவர்களை ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நம்ம பழைய இலக்கியத்துல இதெல்லாம் இருக்கா?

தாராளமாக. சங்கப் பாடல்களில் வேலன் என்ற முருக பூசாரி சாமி வந்து ஆடும் வெறியாட்டு திரும்பத் திரும்ப வரும். காதலில் மெலிந்த பெண்ணுக்கு முருகு பிடித்திருக்கிறது என்று நினைத்துத் தாய் வேலனை அழைப்பாள், வேலன் களம் அமைத்து ஆடுவான், உண்மை தெரிந்த தோழி உள்ளூரச் சிரிப்பாள். திருமுருகாற்றுப்படையில் குறமகள் 'இன்னியம் கறங்க', 'முருகியம் நிறுத்து' முருகனை வரவழைக்கும் காட்சி இருக்கிறது. முருகியம் என்பது குறிஞ்சி நிலத்துப் பறை. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் சாலினி என்ற சாமியாடும் பெண் மேல் கொற்றவை இறங்குகிறாள். அழைக்கும் இசைக்கு முருகன் பேரையே வைத்த மொழி நம்முடையது.

இந்த மேளத்தையெல்லாம் தடை பண்ணாங்களாமே?

பல இடத்தில், பல காரணம் சொல்லி. வட ஐரோப்பாவில் சாமி என்றே ஒரு மக்கள் இருக்கிறார்கள் (நம் சாமிக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை). 17-ஆம் நூற்றாண்டில் கிறித்தவக் குருமார்கள் அவர்களுடைய மேளங்களைப் பறித்தார்கள், எரித்தார்கள். 1692-ல் நார்வேயின் வாட்சோ நகரில் ஆண்டர்ஸ் போல்சன் என்ற முதியவர் மேளம் வைத்திருந்ததற்காகச் சூனிய வழக்கில் நிறுத்தப்பட்டார். விசாரணையில் மேளத்தின் தோலில் இருந்த ஒவ்வொரு படத்துக்கும் விளக்கம் சொன்னார், தீர்ப்பு வருமுன் காவலில் கொல்லப்பட்டார். மேளம் டென்மார்க் அரசர் சேகரிப்புக்குப் போய், 1979-ல் கடனாகக் கராசோக் ஊரின் சாமி அருங்காட்சியகத்துக்கு வந்து, 2022-ல்தான் முறைப்படி அவர்களுக்கே சொந்தமானது. 330 வருடம்.

சோவியத் ஆட்சியில் சைபீரிய ஷாமன்களின் மேளங்கள் பறிக்கப்பட்டன. தென்கொரியாவில் 1970-களின் கிராம முன்னேற்ற இயக்கம் முதாங்குகளை மூடநம்பிக்கை என்று விரட்டியது. அடுத்த தலைமுறையிலேயே அரசு தலைகீழானது. மேற்குக் கடற்கரையின் படகுச் சடங்கை நடத்திய கிம் கும்-ஹ்வாவை 1985-ல் நாட்டின் கலைச்செல்வமாக அறிவித்தார்கள். நமக்கு நெருங்கிய கதை சிங்கப்பூர்த் தைப்பூசம். 1973 முதல் ஊர்வல வழியில் மேளதாளம் கூடாது என்று இருந்தது, 2016-ல்தான் சில இடங்களில் வாசிக்க அனுமதித்தார்கள். அந்த இடைக்காலத்தில் காவடி நின்றுவிடவில்லை, கோயில் வளாகத்துக்குள்ளேயே அருளை வரவழைத்துக்கொண்டு அமைதியாக நடந்தார்கள். மேளம் இல்லாமலும் சாமி வரும் என்று இதைக் காட்டுவார்கள் சிலர். மேளத்தைத் திரும்பக் கேட்டு அத்தனை வருடம் மனுப் போட்டார்களே, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

யூடியூபுல ஷாமன் மேளம் இருக்கே, ஹெட்போன் போட்டுக் கேட்டா போதாதா?

தூக்கம் வரும், மனசு லேசாகும். தவறில்லை. அதன் வேர் அமெரிக்க மானிடவியலாளர் மைக்கேல் ஹார்னர். அமேசானில் ஷாமன்களோடு இருந்துவிட்டு வந்து, எந்த நாட்டுக்காரரும் செய்யக்கூடிய ஒரு பொதுமுறையை 1980-ல் புத்தகமாகப் போட்டார். நிமிடத்துக்கு 200-க்கு மேல் ஒரே சீராக அடி, கண்ணைக் கட்டிப் படுத்துக்கொண்டு உள்ளே பயணம். அந்தப் பயணத்துக்காக மேளத்தைப் பதிவுசெய்த ஒலிநாடாக்களின் பேரப்பிள்ளைகள்தான் நீங்கள் கேட்பவை.

எனக்கு அதில் குறைவது ஒன்றுதான். பதிவு உங்கள் பாதத்தைப் பார்க்காது. நீங்கள் அழுதாலும் அதே அடி, தூங்கிவிட்டாலும் அதே அடி.

இதெல்லாம் நடிப்புதானே, உண்மையச் சொல்லுங்க?

நடிப்பும் இருக்கும். அதை வைத்து எல்லாமே பொய் என்று முடிக்க முடியாது. 1901 வாக்கில் விளாதிமிர் போகோராஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் சுக்சி மக்களின் ஷாமன் ஒருவரைப் போனோகிராஃப் என்ற பழைய ஒலிப்பதிவுக் கருவியில் பதிவு செய்தார். இருட்டில் ஷாமன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து மேளம் அடித்துப் பாடினார். பதிவைப் போட்டுக் கேட்டால் ஷாமனின் குரலும் மேளமும் தூரத்தில் கேட்கின்றன, ஆவிகளின் குரல் மட்டும் கருவியின் குழாய்க்குள் வாயை வைத்துப் பேசியது போல இருக்கிறது. குரல் வித்தை என்றுதான் போகோராஸ் எடுத்துக்கொண்டார். வித்தையாகவே இருந்தாலும் அதைக் கற்க எத்தனை வருடம் ஆகியிருக்கும்!

கனடாவின் குவாக்வகாவக் மக்களிடையே கெசாலித் என்ற பெயரில் ஒருவர் இருந்தார். ஷாமன்களின் தந்திரத்தை அம்பலப்படுத்தவே அவர்களிடம் சேர்ந்து கற்றார். தந்திரம் தெரிந்துகொண்டே சிகிச்சை செய்தார், நோயாளிகள் குணமானார்கள், பேர் பெற்ற ஷாமன் ஆகிவிட்டார். என் பதில் அவரிடம் இருந்து கடன் வாங்கியதுதான்: எது நடிப்பு என்று அவருக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மேடையில வாசிக்கும்போது யாருக்காவது வந்துட்டா என்ன செய்றது?

எங்களுக்கு நடந்திருக்கிறது. ஒரு கல்லூரி விழாவில் கைதட்டல் வாங்கலாம் என்று அழைப்பு அடியை வாசித்தோம். பின்னால் துடைப்பத்தோடு நின்ற துப்புரவு அம்மா ஒருவர் தலைமுடி அவிழ ஆட ஆரம்பித்துவிட்டார். பிள்ளைகள் செல்போனைத் தூக்கினார்கள். நான் பயந்து பறையை நிறுத்தப்போனேன். வாத்தியார் முறைத்தார். மேடையை விட்டு இறங்கி, உடுக்கையை நிறுத்தாமலே அந்த அம்மாவிடம் போனார். அவர் அசைவுக்குச் சேர வாசித்து, மெல்ல மெல்ல வேகம் குறைத்து, பேச்சு வேகத்துக்குக் கொண்டுவந்து விட்டார். யாரோ திருநீறு பூசினார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். அந்த அம்மா முடியை அள்ளி முடிந்துகொண்டு துடைப்பத்தைத் தேடினார். தப்பு எங்களுடையது. அதற்குப் பிறகு அழைப்பு அடியை மேடையில் நாங்கள் வாசிப்பதில்லை.

ஆகவே: சட்டென்று நிறுத்தாதீர்கள், குறைத்து இறக்குங்கள். கூர்மையான பொருள், விளக்கு, படிக்கட்டு பக்கத்தில் இல்லாமல் பாருங்கள். படம் எடுக்க விடாதீர்கள். கை கால் வெட்டி இழுக்கிறது, நுரை தள்ளுகிறது, பேச்சுக்குப் பதில் இல்லை என்றால் அது வலிப்பாக இருக்கலாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், கையில் இரும்பு கொடுக்க வேண்டாம்.

எல்லாம் முடிஞ்சதும் கடைசியா என்ன வாசிப்பாங்க?

அழைத்தவரை அனுப்பிவைக்கவும் இசை வேண்டும். வில்லுப்பாட்டில் கதை முடிந்ததும் வாழி பாடுவார்கள், ஊரும் கேட்டவரும் கொடை கொடுத்தவரும் வாழ்க என்று. கொரியச் சடங்கின் கடைசிப் பகுதி வாசலுக்கு வெளியே நடக்கும். அழைக்காமலே சத்தம் கேட்டு வந்துவிட்ட அநாதை ஆவிகளுக்கும் சோறு போட்டு, வேடிக்கை காட்டி, போய் வாருங்கள் என்று அனுப்புவது அது.

எங்கள் வாத்தியார் வகுப்பு முடிந்ததும் உடுக்கையின் நாடாவைத் தளர்த்திவிட்டுத்தான் உறையில் போடுவார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "இறுக்கியே வச்சா தோலு போயிரும் தம்பி" என்றார். பிறகு உறையின் வாயை மூடுமுன் அதைக் காதோரம் வைத்து ஒரே ஒரு தட்டு, சுருதியே இல்லாத மொட்டைத் தட்டு, தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தார்.